விரல் படாமல் ஓடிய வண்டி

முருகானந்தம் ஓட்டுகிற காரில் முன் இருக்கையில் உட்காருகிறவர் சும்மா வர முடியாது. வேலை வைப்பான். "ஏனுங்க, திரையில அந்த நீலப் பொட்டக் கொஞ்சம் அமுத்துங்க" என்பான். கொஞ்ச தூரம் போனதும், "பாட்டு வேண்டாமுங்க, அந்தக் கோட்டக் கீழ இழுத்து உடுங்க" என்பான். "ஓட்டறது நீயா நானா?" என்று யாராவது முறைத்தால், "வளைவு வருதுங்களே, கையெடுத்தா என்னாவுறதுங்க?" என்று சிரித்து மழுப்புவான். வளைவே இல்லாத ரோட்டிலும் அதே பதில்தான், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் அதே பதில்தான். மலைமேல் செம்மேட்டு கார் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். காரணம் தெரிந்தால் சிரிக்கமாட்டார்கள்.

சில வருஷங்களுக்கு முன்பு அவனுக்குச் சொந்தமாக ஒரு ஜீப் இருந்தது. மலையிலிருந்து மிளகும் மரவள்ளிக் கிழங்கும் அதில்தான் சந்தைக்கு இறங்கும். கையில் ஒரு டச் போனும் இருந்தது. அந்தப் போனுக்குள் பணம் கட்டி ஆடுகிற சீட்டாட்டம் வந்து சேர்ந்தது. ஆளை இறக்கிவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் பொழுதுபோக்காகத்தான் தொடங்கினான். பிறகு சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலும் போன், படுக்கையிலும் போன் என்று ஆனது. கடைசியில் ஜீப் கையை விட்டுப் போனது. அவன் மனைவி யமுனாவுக்கு விஷயம் தெரிந்ததே, ஜீப் வேறொருவர் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்த பிறகுதான்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவனும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பான். நேராக ஊர்க் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கல்லின் மேல் கற்பூரம் ஏற்றினாள்.

"அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

"டச் போன இனி வெரலால தொடமாட்டேன்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு பட்டன் போன். யமுனா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். வேலைக்காக அங்கே அவளுக்கு ஒரு டச் போன் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். பேச்சு வார்த்தை, சாப்பாடு, சிரிப்பு எல்லாம் பழையபடி திரும்பிவிட்டது. ஒன்று மட்டும் திரும்பவில்லை. அவன் ஓட்டுகிற எந்த வண்டியிலும் அவள் ஏறுவதில்லை. அவன் யாருடைய வண்டியையாவது ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாலும், பஸ்ஸுக்காக நின்றுகொண்டே இருப்பாள். அதுதான் அவனை உள்ளுக்குள் அரித்தது.

இந்த நிலையில்தான் சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி அர்த்தனாரி புதிதாக ஒரு கார் வாங்கி, வாடகைக்கு ஓட்ட அவனைக் கூப்பிட்டார். கார் செம்மேட்டில் அவருடைய குடோனில் நிற்கும். உள்ளே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு திரை.

"உங்கிட்ட டச் போன் இல்லீன்னாலும் ஒண்ணுமில்ல முருகானந்தம். வண்டிக்குள்ளயே சிம் இருக்குது. வழி, பாட்டு, மழை வருமா வராதாங்கறது, எல்லாம் அதுவே சொல்லும்" என்றார்.

முருகானந்தம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். போனே வேண்டாம் என்று ஒதுங்கினால், போன் நாலு சக்கரம் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. ஆனால் வேலையை விட முடியாது. மலையில் அவனுக்கு வழி தெரியும்; கீழே சேலத்திலும் கோயமுத்தூரிலும் அந்தத் திரைதான் தெருவைக் காட்ட வேண்டும்.

கோயில் பூசாரி சின்னானிடம் போய் நின்றான். "கார்ல இருக்கறதும் டச் போன்தானுங்களா?"

சின்னான் காது குடைந்துகொண்டே யோசித்தார். "சாமிக்குக் காரும் தெரியாது, போனும் தெரியாது. சத்தியம் வாங்குனவளக் கேளு. அவ சரின்னாச் சாமியும் சரின்ன மாதிரி."

அவளைக் கேட்கத்தான் அவனுக்குத் தைரியம் இல்லை. வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வேலை போய்விடும். ஆகவே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். விரல்தானே படக்கூடாது? வாய் படலாமே! வண்டியிடம் பேசத் தொடங்கினான். அதற்கோ பாடப்புத்தகத் தமிழ்தான் நன்றாகப் புரிந்தது. "நாமக்கல் அரசு மருத்துவமனைக்கு வழி காட்டு" என்று மேடைப் பேச்சாளர் போல அவன் முழங்குவதைக் கேட்டு, பின்னால் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். வளைவுகளில் சிக்னல் போய், பேச்சு எடுபடாத நேரத்துக்குத்தான் முன் இருக்கைக்காரரின் விரல்.

ஒன்றுக்கு மட்டும் அவன் யாருடைய விரலையும் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அது, "வீட்டின் இடம் இன்னும் சேமிக்கப்படவில்லை" என்று சொல்லும். மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் இருக்கிற அவனுடைய சிற்றூரின் பெயர் அந்த வரைபடத்தில் இல்லை. வாயால் சொன்னால் ஏறாது. வரைபடத்தில் விரல் வைத்துத்தான் காட்ட வேண்டும். தன் வீட்டை அடுத்தவர் விரலால் காட்ட அவனுக்கு மனசு வரவில்லை. வண்டி கேட்டுக்கொண்டே இருந்தது, அவனும் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு இருசாயியைக் கண் காட்டுவதற்காக நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டு வந்து காரில் காத்திருந்தான். திரை தானாக ஒருமுறை அணைந்து எரிந்தது. புதிதாக ஏதோ ஏறியிருக்கிறது என்று சொன்னது. பார்த்தால், ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம், அதில் விசிறிபோல் விரித்த சீட்டுகள். வண்டி நிற்கும்போது விளையாடலாமாம்.

பணம் கட்டாத வெறும் ஆட்டம்தான். ஆனால் அவன் விரலுக்கு அது தெரியவில்லை. எத்தனையோ நாள் தூங்கிக் கிடந்த விரல், கூப்பிட்டது போல எழுந்தது. திரைக்குப் பக்கம் போய் நின்றதையும் பார்த்தான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. யமுனாவுக்குத் தெரியவே போவதில்லை. அந்த நினைப்பு வந்ததும்தான் கையைப் பின்னுக்கு இழுத்தான். ஜீப் போனதும் இப்படித்தான், அவளுக்குத் தெரியாமல்தான்.

கதவைத் திறந்து வெளியே குதித்தான். உச்சி வெயிலில் நின்று பட்டன் போனில் அவளைக் கூப்பிட்டான்.

"யமுனா, இந்த வண்டியில பெரிய திரை ஒண்ணு இருக்குது. டச் திரை. உங்கிட்டச் சொல்லாமயே இத்தன நாளா ஓட்டறேன். வெரலு பட்டதில்ல. இப்ப அதுல சீட்டு வந்துருச்சு. கை போகுது யமுனா. பயமா இருக்குது."

அந்தப் பக்கம் குழந்தைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"கதவச் சாத்திப்போட்டு வெளியவே நில்லுங்க. இருசாயக்கா வந்ததும் நேரா ஊட்டுக்கு வாங்க."

இருசாயியை ஏற்றிக்கொண்டு மலை ஏறினான். இன்றோடு வேலை போனது என்றே முடிவு செய்திருந்தான். ஊர் எல்லையில் யமுனா நின்றிருந்தாள். இருசாயி இறங்கிப் போனாள். யமுனா முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். திரையை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தாள். சீட்டுக் கட்டத்தைத் தேடிப் பிடித்து நீக்கினாள். மறுபடியும் ஏதும் ஏறாதபடி ஒரு பூட்டும் போட்டாள். பூட்டைத் திறக்கும் எண்ணை அவனுக்குச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

"வேலைய உட்டரட்டுமா?" என்றான்.

"எதுக்குங்க?" அவள் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு எல்லாம் போன பின்னாலதான் எனக்குத் தெரிஞ்சுது. இன்னைக்குத் தொடறதுக்கு முந்தியே சொல்லீட்டீங்க. எனக்கு அது போதுமுங்க."

அவனுக்கு அழுகை வந்தது. அழுதான்.

அவன் சாவியைத் திருப்பினான். வழக்கம்போல வண்டி ஆரம்பித்தது: "வீட்டின் இடம் இன்னும் சேமிக்கப்படவில்லை."

"இது தெனமும் கேக்குதுங்களா?"

"கேட்டுக்கிட்டேதான் இருக்குது."

யமுனா வரைபடத்தை விரித்து, பச்சைக்கு நடுவே அவர்கள் ஊர் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தாள். "சீட்டத் தொடக்கூடாதுன்னுதான் போனயே தொடவேண்டாம்னு சத்தியம் வாங்குனேன். ஊட்டத் தொடக்கூடாதுன்னு வாங்குல. வெய்யிங்க வெரல."

வைத்தான். விரல் முதலில் பக்கத்துக் காட்டில் பட்டது. யமுனா அவன் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தினாள். வீடு சேமிக்கப்பட்டது என்று வண்டி சொன்னது.

அவள் இறங்குவாள் என்று காத்திருந்தான். அவள் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"செம்மேடு வரைக்கும் போயிட்டு வரலாமுங்க" என்றாள்.