ஒரு பிரெஞ்சு வசனத்துக்காகச் சாவகச்சேரி வரை

போன செவ்வாய்க்கிழமை கரவெட்டியிலிருந்து சாவகச்சேரிக்குப் போனேன். பாரிசில் இறந்த என் மகனின் சாம்பலோடு மருமகள் கிளேர் அடுத்த மாதம் வருகிறாள். பிரெஞ்சுக்காரி, தமிழ் தெரியாது. பாதியைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று சொந்தக்காரர் ஒருவர் மூலம் கேட்டிருந்தாள். முழுவதையும் கீரிமலைக் கடலில் கரைப்பதுதான் எங்கள் வழக்கம். பதிலை இன்னொருவர் வாயால் சொல்ல எனக்கு மனமில்லை. எழுத்துத் தெரியாதவன், இதைக்கூடத் தொலைபேசியில் சொல்லித்தான் பதிகிறேன். ஆனால் காதில் விழுந்தது மறக்காது. பிரெஞ்சு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவரிடம் ஒரு வசனம் கேட்டுவரப் புறப்பட்டேன்.

நெல்லியடியில் ஏழே கால் பஸ். கொடிகாமத்துக்கு ஐம்பது நிமிடம். அங்கே மாறி இன்னும் இருபது நிமிடம். இரண்டுக்கும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய். முழங்கால் வலி தனி.

"என்ன சொல்லவேணும், ஐயா?" என்றார் ரீச்சர்.

"எல்லாத்தையும் கொண்டு வா பிள்ளை எண்டு."

"மகன் அங்கை எத்தினை வருசம்?"

"இருபத்தாறு."

"இஞ்சை?"

"இருபத்திரண்டு."

அவர் வசனத்தைச் சொல்லித் தந்தார். மூன்று தரம் சொன்னேன். நாலாம் தரம் சொல்ல வாயெடுத்தபோது அந்த இருபத்தாறு வருசம் நினைவுக்கு வந்தது.

"வேறை ஒண்டு தாங்கோ, ரீச்சர். அவளும் வைச்சிருக்கட்டும், எனக்கும் தரட்டும்."

"க ஷாக்கன் கார்த் ச பார். ஷாக்கன் எண்டால் ஒவ்வொருத்தரும். ச பார் எண்டால் தன்ரை பங்கு. ஷாக்கனோடை ‘தன்ரை’ தான் வரும், ‘எங்கடை’ வராது."

"எங்கடை பிள்ளையெல்லோ?"

"அது வேறை வசனம், ஐயா."

திரும்பும்போது பஸ்ஸில் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் தோளைத் தட்டினார். "அப்பு, கொடிகாமம் எண்டெல்லே சொன்னனீங்கள்? இது மிருசுவில். என்ன, மந்திரமோ?"

"ஓம் தம்பி, நடுவிலை விட்டால் பிசகிப்போம்."

"பலிச்சால் எனக்கும் சொல்லித் தாங்கோ."

எதிர்ப்பக்கம் போய், வெயிலில் நாற்பது நிமிடம் நின்றேன்.

பின்னேரம் கிளேருக்குத் தொலைபேசி எடுத்து வசனத்தைச் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவளும் அதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

இந்த வழியில் போகிறவர்கள் வெயிலுக்கு முன் புறப்படுங்கள். இறங்குமிடத்தைக் கண்டக்டரிடம் இரண்டு தரம் சொல்லி வையுங்கள். கீரிமலைக்குக் கொண்டுபோகப் பெரிய மண்முட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். இனி அதைக் கொடுத்துச் சின்னதாக ஒன்று மாற்ற வேண்டும். அதற்கும் ஒரு பஸ் ஏற வேண்டும்.