செவலையா, மயிலையா

அப்பா நாடக மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடியவர். அவர் தும்மினால்கூடச் சுதியில்தான் தும்முவார். எனக்கு அந்தக் குரலில் கால்வாசியும் வரவில்லை. நான் பாட வாயைத் திறந்தால் அம்மா அடுப்படிக் கதவைச் சாத்துவாள். தாளம் மட்டும் கையில் நின்றது. அதனால் அருப்புக்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் தபேலா வாசிக்கப் போனேன். அறிவிப்பாளர் இல்லாததால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே விசேஷ வீட்டாரைப் புகழ வேண்டும். பத்து நிமிஷம் முன்னால் பார்த்த மனிதரைப் பல வருஷம் பழகியவர்போலப் புகழ்வேன். கதை கட்ட நான் பழகியது அங்கேதான்.

திருச்சுழிப் பக்கம் ஒரு காதுகுத்து. குலசாமி கோயில் முன்னால் பந்தல், பத்து மணி வெயில். தாய்மாமன் சீர் இன்னும் வந்து சேரவில்லை. மூன்றாவது பாட்டில் ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. மைக் செத்ததும் கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது.

“ஏலே, எதையாச்சும் பேசுலே. ஆளுக எந்திருச்சுப் போயிட்டா அடுத்த தடவ நம்மள யாரு கூப்புடுவா?” என்றார் குழுத் தலைவர்.

அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. காது குத்தும் குழந்தையின் தாத்தா, காலையில் இட்லி சாப்பிடும்போது, “எங்க கெணறு எந்தக் கோடையிலயும் வத்துனதில்ல” என்று சொல்லியிருந்தார். அதை வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். அவருடைய பாட்டன் அந்தக் கிணற்றை வெட்டப் போனபோது ஏழு நாளும் வெறும் பாறைதான் வந்தது என்றேன். எட்டாம் நாள், மேயவிட்ட மாடு ஒன்று முள் நிறைந்த ஓர் உடைமரத்தடியில் நின்று ஒரே இடத்தைக் காலால் தட்டியது, இழுத்தாலும் நகரவில்லை, அங்கே தோண்டியதும் தண்ணீர் பீறிட்டது என்றேன். மாடு தட்டும்போதெல்லாம் தபேலாவில் தொம், தொம் என்று இரண்டு அடி. ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் தாத்தா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் சீர் வந்துவிட்டது, ஜெனரேட்டரும் பிழைத்துக்கொண்டது. நான் சொன்னது அத்தனையும் பச்சைப் பொய்.

பிறகு பாளையம்பட்டியில் பெயின்ட் கடை வைத்தேன், கல்யாணம் ஆனது, கதை எழுத ஆரம்பித்தேன். இன்றும் ஒரு வாக்கியம் எழுதியதும் மேசையில் தட்டிப் பார்ப்பேன். தாளம் தப்பினால் அந்த வரியை அடித்துவிடுவேன். “கத எழுதுறீகளா, கச்சேரி பண்றீகளா?” என்பாள் என் மனைவி. பதினைந்து வருஷம் தட்டித் தட்டி ஒரு தொகுப்பு வந்தது. அந்த மாட்டுக் கதைதான் அதில் முதல் கதை, புத்தகத்தின் தலைப்பும் அதுதான்.

இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போக இருந்த வாரம் ஒரு போன் வந்தது. “மாட்டுக் கத எழுதுனது நீங்கதான? அது எங்க குடும்பக் கத. ஞாயித்துக்கெழம வாரோம்.” அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள். பதிப்பாளரிடம் சொன்னேன். வம்பு வந்தால் அந்தக் கதையை எடுத்துவிடலாம் என்றார் சாவகாசமாக. எடுத்தால் புத்தகத்துக்குத் தலையே இருக்காது. இரண்டு நாளும் கடையில் கேட்ட நிறத்தை விட்டு வேறு நிறத்தைக் கலந்து கொடுத்தேன்.

ஞாயிறு காலை ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கியது. நாற்காலி போதாமல் பெயின்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டோம். மீசை நரைத்த ஒருவர், காதுகுத்துத் தாத்தாவின் அதே முகஜாடை, என் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணைக் காட்டி, “இது என் மக. கதைய மொதல்ல படிச்சது இதுதான்” என்றார். அன்றைக்குக் காது குத்திக்கொண்டு அலறிய குழந்தை!

“எங்க அப்பா சாகுற வரைக்கும் இந்தக் கதையத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக. வெளியாளுகளுக்கும் இது தெரியும். இந்தப் புள்ள காதுகுத்துல ஒரு தபேலாக்காரன் மேடையிலயே சொன்னான்னா பாருங்களேன்!”

என் பொய்க்கு என்னையே சாட்சி வைக்கிறார். மனைவி காபித் தட்டோடு கதவருகில் நின்றுவிட்டாள். அந்தத் தபேலாக்காரன் யார் என்று அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிட நான் வாயெடுத்தபோது அவர் புத்தகத்தைப் பிரித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீக. ஒரு தப்பு. செவலை மாடுன்னு போட்டுட்டீக. அது மயிலை. சாம்ப நெறம். எங்க அப்பா தெளிவாச் சொல்லியிருக்காக.”

“ஆமா, மயிலை” என்றது வேன் மொத்தமும்.

நான் மேடையில் மாட்டுக்கு நிறமே சொல்லவில்லை. செம்பழுப்புச் செவலைகூட எழுதும்போது பூசியதுதான். இட்லி சாப்பிட்ட அந்தத் தாத்தா என் மாட்டை வாங்கி, நிறம் கொடுத்து, குடும்பத்துக்கு விட்டுப் போயிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இதைவிடப் பெரிய விருதை எனக்கு யார் கொடுத்துவிட முடியும்?

“திருத்திடுறேன்” என்றேன்.

இரண்டாம் பதிப்பில் அது மயிலைதான். இந்த மாட்டுப் பொங்கலுக்கு அழைத்திருந்தார்கள், போனேன். கிணறு தளும்பக் கிடந்தது. உடைமரத்தடியில் கல்லில் ஒரு மாடு, சாம்பல் பூசி, மாலை போட்டு, முன்னால் பொங்கல் பானை. அந்தப் பெண் எனக்குத் திருநீறு கொடுத்து, “கும்புட்டுக்கோங்க, கேட்டதக் குடுக்கும்” என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு மனதாரக் கும்பிட்டேன். அடுத்த நாவலை முடித்துக் கொடு என்று கேட்டேன்.