கூழைக்கடாவின் நெஞ்சில் இரண்டு விரல்

ஹனோவரில் ஓர் ஓவியக்கூடத்தின் இரண்டாம் மாடி, பதினான்காம் அறை. ஸ்ரனிஸ்லாஸ் அங்கே ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலம் காவல் நிற்பார். ஒரு கதிரை உண்டு. அதில் இருந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், நின்றால் கால் வீங்கும். வீங்கினாலும் பரவாயில்லை என்று நின்றுகொண்டிருப்பார்.

எண்பத்தாறில் மன்னாரிலிருந்து வந்தவர். முதலில் அகதி முகாம், பிறகு சீனச் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவினார். அதன் பிறகு இருபத்தொரு வருடம் கார் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கினார். முள்ளந்தண்டு கெட்டதும் களஞ்சியக்காரர் கைவிரித்துவிட்டார்கள். ஐம்பத்தேழு வயதில் ஒரு காவல் நிறுவனம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பியது. வருகிற முப்பதாம் திகதி அது முடிகிறது. நிரந்தரமாக்கும்படி பரிந்துரை எழுதியிருப்பதாக மேற்பார்வையாளர் திருமதி பிராண்டெஸ் சொல்லியிருந்தார். அறுபதை எட்டப்போகிற, முதுகு போன மனிதனுக்கு வேறு யார் வேலை தரப்போகிறார்கள்? முடிவுக் கடிதம் வந்திருக்குமோ என்று தினமும் இரண்டு தரம் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

அந்த அறையிலிருந்த ஆறு படங்களும் யோகிம் லூடர்ஸ் என்ற ஒரே ஓவியருடையவை. முன்னூற்றைம்பது வருடத்துக்கு முந்திய, பரோக் காலத்து மனிதர். தூர தேசத்துப் பறவைகளையும் மேசைமேல் பழங்களையும் வரைந்தே காலத்தைக் கழித்தவர். வெள்ளீயத் தட்டில் பாதி தோலுரித்த எலுமிச்சை தொங்கும், பக்கத்தில் பிளந்த மாதுளை, அதற்குமேல் ஒரு பஞ்சவர்ணக்கிளி. ஆள் தன் ஊரைவிட்டு எங்கேயும் போனதில்லை. கப்பலில் வந்து செத்த பறவைகளைப் பஞ்சடைத்துக் கொடுப்பார்களாம், அதைப் பார்த்துக் கீறுவாராம். ஒருமுறை கீறியதைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த படத்திலும் இறக்குவார். இந்தக் கடைசி விஷயத்தை ஸ்ரனிஸ்லாஸ் யாரும் சொல்லாமல் தானாகவே கண்டுபிடித்திருந்தார். நாலு படத்தில் ஒரே கிளி, ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது.

மதியச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் அவரை மாற்றிவிட வருகிற சுஜானிக்கு அதைக் காட்டினார். அவள் புதிது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான்.

"எங்கட ஆக்களின்ர கலியாண அல்பம் மாதிரி அண்ணை. ஒரே சாறி எல்லா வீட்டுப் படத்திலயும் நிக்கும்," என்று சிரித்தாள்.

ஆறாவது படத்தில் ஒரு கூழைக்கடா. கழுத்தை வளைத்து அலகை நெஞ்சில் புதைத்து நின்றது. லூடர்ஸைக் கேட்டால் இறகு கோதுகிறது என்று சொல்லியிருப்பார். ஸ்ரனிஸ்லாஸ் இதை வீட்டில் சொன்னபோது மனைவி கொறற்றி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கட கோயில் பேழைக் கதவில இருக்கிறதோ?"

தன் நெஞ்சைக் கொத்தி அந்த இரத்தத்தில் குஞ்சுகளை வளர்க்கிற கூழைக்கடா. நற்கருணைப் பேழையின் கதவில் அதைச் செதுக்கியிருப்பார்கள். கொறற்றிக்கு அது ஆண்டவரேதான்.

"அதே மாதிரித்தான்," என்று சொல்லிவிட்டார். பேசாமல் விட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுமதி இலவசம். கொறற்றி துப்புரவு வேலை முடிந்து நேரே வந்தாள். மணிக்கட்டு நோவுக்குப் பூசிய தைலம் அறை முழுக்க மணத்தது. படத்துக்கு முன்னால் தாழ்வாக ஒரு கயிறு கட்டியிருந்தது. எட்டி நின்று பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இது அதேதான்!"

அவர் வாய் திறக்கமுன் குனிந்து இரண்டு விரலால் பறவையின் நெஞ்சைத் தொட்டு, விரலை உதட்டில் ஒற்றி முத்தமிட்டாள்.

"என்னப்பா செய்துபோட்டீர்!"

"என்னத்தைச் செய்தனான்? தொட்டு முத்தி செய்தனான்."

"இது கோயில் இல்லையப்பா!"

"பின்னை ஏன் மற்ற அறையளில எல்லாரும் வாய் பொத்திக்கொண்டு நிக்கினம்?"

அறையில் வேறு யாரும் இல்லை. சாய்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு எண்ணெய்ப் பொட்டு மினுங்கியது. யாராவது படத்தைத் தொட்டால் உடனே அறிவிக்க வேண்டும், நேரத்தையும் எழுத வேண்டும். பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அது. அவர் கொறற்றியைப் படிவரை கூட்டிக்கொண்டு போய் அனுப்பினார். மூடுகிற நேரம் அன்றைய காவல் படிவத்தில் "குறிப்பிட எதுவுமில்லை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வைத்தார். கையெழுத்து வழமைபோலவே விழுந்தது.

செவ்வாய்க்கிழமை படங்களைப் பராமரிக்கிற பெண் விளக்கைச் சரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். பொட்டு அகப்பட்டுவிட்டது.

மதியம் ஊழியர் அறையில் சுஜானி அழுதுகொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் உங்கட அறையில நிக்கேக்க போன் பாத்தனானாம். பக்கத்து அறைக்காரன் சொல்லிப்போட்டான். அந்த அரை மணித்தியாலத்துக்குள்ளதான் ஆரோ தொட்டிருக்கோணுமாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"போன் பாத்தது உண்மை அண்ணை, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு பள்ளிக்கூடத்தால எடுத்தவை. நான் இன்னும் ப்ரோபெற்சைற்றில, தகுதி பாக்கிற காலத்தில நிக்கிறன். காரணம் சொல்லாமலே நிப்பாட்டலாம்." மூக்கைத் துடைத்தாள். "உங்களைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல. நீங்கள் ஒழுங்கான ஆள் எண்டு அவைக்குத் தெரியும்."

அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே தள்ளி வைத்தார். அலுவலகக் கதவுக்கு முன்னால் நின்று மூன்று தரம் டொச் மொழியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். உள்ளே போனதும் எல்லாம் மறந்துபோய் இரண்டு வார்த்தைதான் வந்தது.

"என்னுடைய மனைவி."

திருமதி பிராண்டெஸ் நிமிர்ந்தார்.

"வெள்ளிக்கிழமை, மூன்று மணியாகக் கால் மணித்தியாலம் இருக்கும். தொட்டது என் மனைவி. சுஜானி இல்லை."

"ஏன் தொட்டார்?"

"பக்தியில்."

மேசையில் விபத்துப் படிவம் இருந்தது. காரணத்தைக் குறிக்க நாலு கட்டம். குழந்தை, தடுக்கி விழுதல், வேண்டுமென்றே சேதம், வேறு. திருமதி பிராண்டெஸின் பேனை நாலு கட்டத்துக்கு மேலும் அலைந்து "வேறு" என்பதில் இறங்கியது.

"படத்துக்கு ஒன்றுமில்லை, திரு. ஸ்ரனிஸ்லாஸ். பூச்சுக்கு மேலேதான். பஞ்சால் துடைத்தால் பத்து நிமிடத்தில் போய்விடும்." வெள்ளிக்கிழமைப் படிவத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். "இது?"

ஸ்ரனிஸ்லாஸ் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"என் பரிந்துரையில் என்ன எழுதினேன் தெரியுமா? இந்த மனிதரின் கையெழுத்தை நான் ஒருநாளும் சரிபார்த்ததில்லை என்று எழுதினேன்."

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு டொச்சில் சொன்னார். "ஆம்."

"இதையும் அதோடு சேர்த்து அனுப்பத்தான் வேண்டும். முடிவு என் கையில் இல்லை. நாளையிலிருந்து நீங்கள் கீழே, பார்வையாளர்களின் கோட்டு வாங்கி வைக்கிற இடத்தில்."

வெளியே வந்தபோது சுஜானி நடைபாதையில் நின்றாள். விஷயம் அதற்குள் அவளுக்கு எட்டிவிட்டது. "அண்ணை," என்றாள். அவர் விட்டுப்போன சாப்பாட்டுப் பெட்டியை நீட்டினாள்.

வீட்டில் கொறற்றி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே. நானே சொல்லியிருப்பன்."

"நீர் வந்து பேழைக் கதவைப் பற்றி விளங்கப்படுத்தியிருப்பீர். அவ கேட்டது நான் வைச்ச கையெழுத்தைப் பற்றி."

"முப்பதாம் திகதி?"

"தெரியாது."

"துடைச்சுப்போட்டினமோ?"

"துடைச்சாச்சு."

அவள் தன் விரல்களை ஒருதரம் பார்த்தாள். "நான் ஒண்டும் பிழையா நினைச்சுத் தொடேல்ல," என்றாள்.

"அது எனக்குத் தெரியும்."

அடுத்த நாள் காலை எட்டரைக்கு அவர் கீழே நின்றார். நனைந்த கோட்டுகளை வாங்கிக் கொளுவி இலக்கத் தகடுகளைக் கொடுத்தார். முப்பதாம் திகதிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. பத்து மணிபோல் திருமதி பிராண்டெஸ் ஒரு கோப்போடு அந்தப் பக்கமாகப் போனார். ஸ்ரனிஸ்லாஸ் நிமிர்ந்து வணக்கம் சொன்னார். அந்த அம்மாவும் சொன்னார். அவர் கோப்போடு படியேற, இவர் அடுத்த கோட்டை வாங்கிக் கொளுவினார்.