மோட்டாருக்குப் போன் செய்தவர்

கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு கரும்பு விவசாயி உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்த முகம், கையில் ரப்பர் பேண்ட் போட்ட பழைய போன். தன் கிணற்று மோட்டாருக்குப் போன் செய்தார். இப்போதெல்லாம் மோட்டாருக்கும் சிம் கார்டு உண்டு, கூப்பிட்டால் ஓடும். "மோட்டார் இயங்குகிறது" என்றது பதிவு செய்த பெண்குரல்.

"சரிங்கம்மா" என்றவர், அந்தப் பக்கம் துண்டிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மிஷினுங்க" என்றேன்.

"தெரியும்ங்க. முன்னல்லாம் ராத்திரிலதான் கரண்டு வரும். மோட்டார் போடப் போயி எங்கண்ணன் பாம்பு கடிச்சு செத்துப்பூட்டாரு. இப்போ எனக்குப் பதிலா இந்தப் பொண்ணு கெணத்தாண்ட நின்னுகினு இருக்குது. மரியாதயா ரெண்டு வார்த்த பேசுனா இன்னா?"

இறங்கும் முன் மறுபடி கூப்பிட்டார். "மின்சாரம் இல்லை" என்றது குரல். கரும்பு காய்கிற மாதம் அது. அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் மெதுவாகத்தான் சொன்னார்.

"பரவால்லம்மா, நீ இன்னா பண்ணுவ, பாவம்."

அதற்குப் பிறகு, கடன் வேண்டுமா என்று கேட்டு வரும் பதிவுக்குரலைக்கூட என்னால் சட்டென்று துண்டிக்க முடிவதில்லை. "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன்.