ஆரஞ்சு விளக்கும் ஒன்பது மணி கேட்டும்

காலை 8.04. முதலில் கண்ணில் பட்டது, ஸ்பீடாமீட்டருக்குக் கீழே அதுவரை நிலையாக எரிந்துகொண்டிருந்த ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு மினுக்கத் தொடங்கியதுதான். போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவாதவூரிலிருந்து ஒத்தக்கடைக்கு வரும் சாலை. பக்கத்து இருக்கையில் என் மனைவியின் தங்கை. மடியில் ஹால் டிக்கெட், இரண்டு கறுப்புப் பேனா. காளவாசல் பக்கம் ஒரு பள்ளியில் அவளுக்கு அரசு வேலைக்கான தேர்வு. ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் தாமதம் என்றாலும் உள்ளே விடுவதில்லை. ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் இதற்காகப் படித்தவள் அவள்.

அவள் 6.40 பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தது. முந்தின நாள் மாலை திருவாதவூரில் மாமனார் வீட்டில் வைத்து அந்தத் திட்டத்தை மாற்றியது நான்.

"பஸ்ஸெல்லாம் எதுக்கு மாமா? ஏழே முக்காலுக்குக் கிளம்பினா எட்டரைக்கு வாசல்ல இறக்கி விட்டுருவேன்" என்றேன்.

"பரீட்சை விசயம் மாப்ள. ஒரு பஸ்ஸு போனா அடுத்ததுல ஏறிக்கிரலாம்" என்று மாமனார் தயங்கினார்.

நான் விடவில்லை. ஒன்றரை லிட்டர் டர்போ டீசல், 115 குதிரைத்திறன், 1,500 சுற்றிலேயே முழு இழுவிசை என்று என் காரின் கணக்கை ஒப்பித்தேன். வாங்குவதற்கு முன் ஆறு மாதம் படித்து மனப்பாடம் செய்தவை. அவர் கேட்டுவிட்டு, "ஒத்தப் பிள்ளைய ஏத்திட்டுப் போக எதுக்கு மாப்ள இம்புட்டுக் குதிரை?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பஸ் பேச்சு அதோடு நின்றது.

அவர்களிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. இப்போதைய டீசல் கார்களில் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது நிறையும்போது இன்ஜின் தானாகவே சூட்டைக் கூட்டி அந்தக் கரியை எரித்துவிடும். அதற்குக் கார் நிற்காமல், கொஞ்சம் வேகமாக, இருபது நிமிடமாவது ஓட வேண்டும். தல்லாகுளத்தில் என் வீட்டிலிருந்து அலுவலகம் மூன்றே கிலோமீட்டர். கரி எரியத் தொடங்கும்போதே வீடு வந்துவிடும். நானும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிடுவேன். வடிகட்டி நிறைந்துவிட்டதைக் காட்டும் அந்த ஆரஞ்சு விளக்கு எரிய ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சனிக்கிழமை மாலை நெரிசலில் ஊர்ந்து வந்ததில் அது அணையவில்லை. ஞாயிறு காலை நாலுவழிச்சாலை காலியாக இருக்கும், ஒரே ஓட்டத்தில் வடிகட்டி சுத்தமாகிவிடும் என்று நினைத்தேன். அவளை அழைத்துப் போகிறேன் என்று நான் சொன்னதில் பாதி அதற்காகத்தான்.

கிளம்பும்போதே 7.50. முன்னால் ஒரு நெல் அறுவடை இயந்திரம் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு போனது. அதன் பின்னால் பத்து நிமிடத்துக்கும் மேல் இரண்டாவது கியரிலேயே போனோம். அது வயலுக்குள் இறங்கிய இடத்தில்தான் விளக்கு மினுக்கியது. 8.09-க்கு இன்ஜின் திறன் குறைக்கப்பட்டதாகத் திரையில் எழுத்து வந்தது. ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தும் முள் முப்பதைத் தாண்டவில்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டால் இன்ஜின் கெட்டுப்போகாமல் இருக்க அது தன்னைத்தானே இப்படிக் கட்டிப்போட்டுக்கொள்ளும் என்பதும் நான் படித்ததுதான்.

"என்ன மச்சான்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிரும்."

ஓரம் கட்டி மூன்று முறை இன்ஜினை அணைத்துக் கிளப்பினேன். ஏழு நிமிடம் போனது. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. மறுபடி முப்பதில் உருட்டினேன். ஒரு மொபெட் எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் இரண்டு பால் கேன் கட்டியிருந்தது. அவள் ஹால் டிக்கெட்டைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். ஒத்தக்கடை நெருங்கும்போது மணி 8.25.

"மச்சான், வண்டிய நிப்பாட்டுங்க" என்றாள். குரல் உயரவில்லை. இறங்கி நடுச்சாலை வரை போய்க் கையை நீட்டினாள். வாழை இலைக் கட்டுகள் ஏற்றிய சின்ன லோடு வேன் ஒன்று நின்றது.

"அண்ணே, காளவாசல் போகணும். ஒம்போதுக்குள்ள. பரீட்சை."

டிரைவர் அவளைப் பார்த்தார். பிறகு நான்கு ஓர விளக்குகளும் மினுக்க நின்ற என் காரைப் பார்த்தார். "ஏறும்மா. எல சிம்மக்கல்லுல எறங்கணும், பரவால்ல, அப்பறம் போட்டுக்கிறேன்." கியரைப் போட்டுக்கொண்டே என்னிடம், "புது வண்டியா அண்ணே? பாக்க நல்லாருக்கு" என்றார். வேன் கரும்புகை விட்டுக் கிளம்பியது.

நான் முப்பதிலேயே பின்தொடர்ந்தேன். மாட்டுத்தாவணி வருவதற்குள் வேன் கண்ணிலிருந்து மறைந்தது. பள்ளி வாசலை அடைந்தபோது 9.19. கேட் பூட்டியிருந்தது. வெளியே நான்கு பேர் நின்றார்கள். ஒரு பெண் கம்பியைப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள். அது என் கொழுந்தியா இல்லை. ஆனால் இங்கே இல்லை என்பதால் உள்ளே இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? காவலரிடம் கேட்டேன்.

"உள்ள போயிருந்தா உள்ள இருக்கும். போகலைன்னா வெளிய இருக்கும். முந்நூறு பேர்ல எனக்கு எப்பிடி சார் தெரியும்?"

தேர்வுக்குப் போன் அனுமதி இல்லை என்பதால் அவள் கொண்டுவரவில்லை. தெருமுனை வரை நடந்து டீக்கடை, பஸ் நிறுத்தம் இரண்டிலும் பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன். பத்து மணிக்கு மாமனார் அழைத்தார்.

"பிள்ளைய விட்டாச்சா மாப்ள?"

"விட்டாச்சு மாமா."

"நேரத்துக்குப் போயிட்டீகள்ல?"

"போயிட்டோம்."

12.40-க்குக் கேட் திறந்தது. கூட்டத்தில் நாற்பதாவதாகவோ ஐம்பதாவதாகவோ அவள் வந்தாள். 8.57-க்கு உள்ளே போனாளாம்.

"கேட்ட இழுத்துக்கிட்டு இருந்தாக. அந்த அண்ணன் ஆரனை அமுக்கிட்டே வந்து நிப்பாட்டுனாரு" என்றாள். பிறகு, "மொத பத்து நிமிசம் விடைத்தாள் வட்டத்துக்குள்ள பேனா நிக்கல மச்சான். கடைசில நேரம் பத்தல" என்றாள்.

காரின் பக்கத்தில் வந்து நின்றோம். கதவைத் திறக்காமல் கேட்டாள்: "இந்த வண்டி இப்பிடிப் பண்ணும்னு நேத்தே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு எந்த பஸ் போகும் என்று வெளியே நின்றவர்களிடம் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பட்டறையில் காரைக் கணினியோடு இணைத்துப் பார்த்தார்கள். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. "கரி எரியிறப்ப பாதியில அணைச்சது பதினொரு தடவ சார்" என்று சொல்லி, வடிகட்டியைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். கார் இன்றுவரை நன்றாக ஓடுகிறது. அந்த விளக்கு பிறகு எரியவில்லை.

ஐந்து மாதம் கழித்துத் தேர்வு முடிவு வந்தது. தேர்வாக அவளுக்கு ஒரே ஒரு கேள்வியின் மதிப்பெண் குறைந்திருந்தது.