பெண் பார்க்க வந்த அன்று வைத்த பேஸ்ட்ரி

பதுளையில் ஒரு பாத்திரக் கடையில் பேஸ்ட்ரி வெட்டுகிற கட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வீட்டுப் பெண் யாராவது கூட வந்திருப்பாள் என்று நினைத்திருப்பார்.

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டினார். எல்லாம் பிளாஸ்டிக். இதயம், நட்சத்திரம், பூ, பட்டாம்பூச்சி. "பொம்பளைங்க இதத்தான் எடுப்பாங்க. புள்ளைங்களுக்குப் புடிக்கும்."

ஒவ்வொன்றின் விளிம்பையும் விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேன். கடையில் நின்ற இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். வேறு நாளாக இருந்தால் அதற்கே வெளியே வந்திருப்பேன். புது இடத்தில் நாலு வார்த்தை பேசவே எனக்குக் கூச்சம். அன்று போகவில்லை. வேண்டியது கிடைக்காமல் போவதில்லை என்று நின்றேன்.

என் மனைவி வெளிநாட்டில் ஒரு வீட்டுச் சமையலறையில் வேலை செய்கிறாள். பேஸ்ட்ரி அவள் அங்கே கற்றது, தொலைபேசியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அவள் போனதிலிருந்து தேயிலைத் தோட்ட லயத்து வரிசையில் எங்கள் வீட்டின் அடுப்படி என்னுடையது. அக்கம்பக்கத்தில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

முதலில் டம்ளரால் வெட்டினேன். பேஸ்ட்ரி பிஸ்கட் மாதிரி தட்டையாக வந்தது. நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்: "டம்ளர் வாய் மொழுக்கையா இருக்குல்ல, அது வெட்டலங்க, அமுக்குது. ஓரமெல்லாம் ஒட்டிக்கிச்சு. அப்புறம் எங்க எழும்பும்?"

பிறகு அப்புத்தளையில் ஒரு தகர வளையம் வாங்கினேன். எங்கள் பக்கத்து மூடுபனிக்குத் தகரம் நிற்குமா? துரு ஏறிவிட்டது. நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். காய்ந்த தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியும். துருவைத் தேய்த்துவிட்டு, வளையத்தைத் தேயிலைத் தூள் டின்னுக்குள் புதைத்து வைத்தேன். துரு நின்றது. ஆனால் தகரத்தை மடித்து ஒட்டியிருந்த இடுக்கில் தூள் போய் அடைந்துகொண்டது. துடைத்துவிட்டுத்தான் வெட்டினேன், இருந்தும் ஒவ்வொரு பேஸ்ட்ரியின் ஓரத்திலும் ஒரு கறுப்புக் கோடு. என் மகள் எடுத்து முகர்ந்து பார்த்தாள். "அப்பா, இத திங்கிறதா, சுடுதண்ணி ஊத்திக் குடிக்கிறதா?"

இவ்வளவும் பட்டுத்தான் கடைக்கு வந்திருந்தேன். எவர்சில்வராக இருக்க வேண்டும். பொருத்து மடிப்பில்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூராகவும், உள்ளங்கை அழுத்துகிற மறுபக்கம் சுருட்டியும் இருக்க வேண்டும். கை மாவில் படாத அளவுக்கு உயரம் வேண்டும். இதை எல்லாம் நான் தயங்கித் தயங்கிச் சொல்ல, கடைக்காரர் உள்ளே போய் வட்டக் கட்டர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய டப்பாவைக் கொண்டுவந்தார்.

"பூ மாதிரி இருக்கிறது வேணாமா?"

"வேணாம்ங்க. வளைவு நெளிவு இருந்தா ஓரம் ஒழுங்கா எழும்பாது."

அடியில் வைக்க ஒன்று, மேலே மூட அதைவிடச் சற்றுப் பெரியது ஒன்று என்று இரண்டை எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பண்டாரவளையில் ஒரு சாப்பாட்டுக் கடை. அக்கா பார்த்துக் கொண்டுவந்த சம்பந்தம். அவள் முதல் நாளே வந்துவிட்டாள்.

"பேக்கரியில வாங்கிரலாம்டா தம்பி."

"நான் செய்றேன்க்கா."

"சரி, செஞ்சு தொலை. ஆனா பொண்ணு செஞ்சதுன்னுதான் சொல்லணும். எல்லா வீட்லயும் அப்பிடித்தான் சொல்றது."

அது உண்மைதான். பெண் பார்க்கும் வீட்டில் தட்டில் எது வந்தாலும் பெண் கையால் செய்தது என்பார்கள். நான் என் மனைவியைப் பார்க்கப் போனபோதும் லட்டைக் காட்டி அப்படித்தான் சொன்னார்கள். லட்டின் அடியில் கடைக் காகிதம் ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து மடிக்குள் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறது என்றேன்.

"அத்தை, எனக்கு ரொட்டிக்கே மாவு பெசையத் தெரியாது" என்றாள் மகள்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். தட்டத் தூக்கிட்டு வந்து நில்லு, போதும்."

நான் எதுவும் சொல்லவில்லை. சம்மதம் என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஜன்னலைத் திறந்து வைத்தேன். எங்களிடம் குளிர்சாதனப் பெட்டி இல்லை, அந்தக் குளிருக்குத் தேவையும் இல்லை. மாவுக்குள் மாஜரின் உருகாமல் இருந்தது. தேய்த்து, மடித்து, ஜன்னல் ஓரம் வைத்து, மறுபடி தேய்த்தேன். கட்டரைக் காய்ந்த மாவில் தொட்டுச் செங்குத்தாக இறக்கித் தூக்கினேன். திருகக் கூடாது. திருகினால் எவ்வளவு நல்ல கட்டரும் டம்ளர்தான். மாப்பிள்ளையின் அம்மா விரதம், இறைச்சி முட்டை தொடமாட்டார் என்றார்கள், அதனால் உள்ளே உருளைக்கிழங்கும் லீக்ஸும், மேலே முட்டைக்குப் பதில் பால். மனைவி அனுப்பிய காசில் வாங்கிய ஓவனின் கண்ணாடிக்குள் அடுக்கு அடுக்காக எழும்பி வந்தபோது மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வந்தார்கள். மகள் தட்டோடு போய் நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றைப் பிட்டார். பொருக்கு சேலை மேலெல்லாம் உதிர்ந்தது.

"அட, நல்லா வந்திருக்கே. யாரு செஞ்சது?"

"எல்லாம் பொண்ணு கைதாங்க" என்றாள் அக்கா.

அந்த அம்மா மகளிடம் திரும்பினார். "நம்ம கடைக்கே போடலாம் போல இருக்கேம்மா. வெடியக்காலையில எந்திரிச்சா பஸ் வாற நேரத்துக்கு நூறு போட்டுருவியா? நீ வந்துட்டா பேக்கரிக்காரன நிப்பாட்டிரலாம்."

அன்று லட்டின் கடைக் காகிதத்தை ஒளித்த பொய்யால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பொய் என் மகளை ஆயுள் முழுக்க ஒரு கடை அடுப்படியில் நிறுத்தப் போகிறது. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"நான்தாங்க செஞ்சேன்."

அக்கா சிரித்தாள். "தம்பி கேலி பண்ணுது."

"கேலி இல்லக்கா. மாவு தேய்ச்சது, வெட்டினது, சுட்டது எல்லாம் நான்தான்."

மாப்பிள்ளையின் அம்மா கையில் இருந்ததைத் தட்டில் வைத்தார். "அப்ப பொண்ணுக்கு என்னதான் தெரியும்?"

"பாலர் பாடசாலையில படிச்சுக் குடுக்கிறேங்க" என்றாள் மகள். "தேத்தண்ணி ஊத்துவேன். நீங்க குடிக்கிறது நான் ஊத்தினது."

"எங்க வீட்ல ஆம்பளைங்க அடுப்படிப் பக்கமே வரமாட்டாங்க."

"எங்க வீட்ல வருவாங்கங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வர்ற மாப்பிள்ளையும் வரணும்."

மாப்பிள்ளை இரண்டாவது பேஸ்ட்ரியை எடுத்து வாயில் வைத்திருந்தார். மெல்லுவதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துகொண்டார்கள்.

அவர்கள் வந்த வான் வண்டி வளைவில் திரும்பியதும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு பொய்யில என்னடா கொறஞ்சு போகும்? வாயே தெறக்காதவன் இன்னைக்குத்தானா தெறக்கணும்?"

"போனாப் போகட்டும்க்கா."

அவர்களிடமிருந்து சேதி வரவில்லை. அப்பன் மாவு பிசைந்து மகள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டான் என்று தோட்டத்தில் பேச்சு ஓடியது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் என் காதில் விழும்படியே சொன்னார்கள். மகளிடம் வருத்தமா என்று கேட்டேன். "நூறு பேஸ்ட்ரிப்பா, தினமும்" என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டோம்.

அக்கா சில வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு பசறையில் ஒரு சம்பந்தம் இருப்பதாக வந்தாள். அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றேன். முறைத்தாள். என் முன்னாலேயே தொலைபேசியை எடுத்தாள்.

"ஆமாங்க, பொண்ணு டீச்சர். அம்மா வெளிநாட்ல. அப்புறம் ஒண்ணு, முன்கூட்டியே சொல்லிர்றேன். பலகாரம் எல்லாம் பொண்ணோட அப்பாதான் செய்வாரு. பொண்ணுக்கு வராது." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அது அப்பிடித்தாங்க. வாறதுன்னா வாங்க."