தணலில் காய்ந்த சீனியவரை

இன்று காலை, கடையில் வாங்கிய சீனியவரை வத்தலை எண்ணெயில் போட்டதும் மோர்ப் புளிப்பு மட்டும்தான் எழுந்தது. புகை வாசத்தைக் காணோம். திருச்சுழிப் பக்கம் எங்கள் காட்டு வீட்டைச் சுற்றி அம்மா போட்ட சீனியவரை, கார்த்திகையில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும்; அதை அவித்து, உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலுக்கு எடுக்கிற நேரம் பார்த்து அடைமழை பிடித்துக்கொள்ளும். அப்பா தன் கயிற்றுக் கட்டிலைக் காய்க்குக் கொடுத்துவிட்டுத் தரையில் சாக்கு விரித்துக்கொள்வார். கட்டிலுக்கு அடியில் தணல் சட்டி, வீடெல்லாம் புகை. காயில் பூஞ்சை பூத்தாலும் மழையை நிற்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது; காட்டில் மிளகாய்ச் செடி அதை நம்பித்தானே நின்றது.

ஒருமுறை அம்மா வாசலில் நின்று மழையைப் பார்த்து ஏதோ முணுமுணுக்க, திட்டுகிறாளோ என்று அப்பா பதறிப்போனார்.

"அடியே, மழைய வையாத!"

"நான் எங்க வஞ்சேன்? போயிட்டு வான்னுதான் சொல்றேன்."

காட்டை விற்றாயிற்று. இப்போது அருப்புக்கோட்டை வாடகை வீட்டில், மழை வந்தால் அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவைக்கிறாள்.